8 கிலோ விமானம், 2 சென்டிமீட்டர் தப்பு! - பெரிய ஆர்.சி பாம்பரை பேலன்ஸ் செய்வது எப்படி?

பல மாசம் ராத்திரி கண்முழிச்சு ஒட்டின விமானம். பெயின்ட் அடிச்சாச்சு, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, நாலு மோட்டாரும் சுத்துது. ஞாயிற்றுக்கிழமை காலை, காத்து இல்லாத மைதானம். த்ராட்டிலைத் தள்ளுறீங்க. அழகா ஓடி எழும்புது. எழும்பின வேகத்தில் மூக்கு மேலே போகுது. எலிவேட்டரைக் கீழே தள்ளுறீங்க, மூக்கு இறங்குது. இறங்கினது நிக்காம இன்னும் இறங்குது. பதறிப்போய் மேலே இழுக்குறீங்க. அடுத்த சில நொடிகளில் எல்லாம் முடிஞ்சிடுது.

மோட்டார் கெடலை. சிக்னல் போகலை. பேட்டரியும் ஃபுல். எடை மட்டும் 2 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. அவ்ளோதான்.

பெரிய ரேடியோ கன்ட்ரோல் விமானங்களில் நிறைய விஷயங்களை இரண்டாவது தடவை சரிசெய்துக்கலாம். பேலன்ஸ் மட்டும் அப்படி இல்லை. அதைத் தரையிலேயே முடிச்சுட்டுத்தான் மேலே அனுப்பணும். அந்த வேலையை ஒரு பெரிய எலெக்ட்ரிக் பாம்பரை வெச்சே படிப்படியா பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு லங்காஸ்டர்

நாம எடுத்துக்கப்போறது அவ்ரோ லங்காஸ்டர். 1941 ஜனவரி 9-ல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். நாலு இன்ஜின், 7 பேர் குழு, வாலில் இரட்டைத் துடுப்பு. மொத்தம் 7,377 தயாரிக்கப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், இன்னொன்று கனடாவில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பாம்பர் கமாண்ட் படையில் மட்டும் 55,573 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் பறந்தது இந்த விமானத்தில்தான். அதனால்தான் மாடல் செய்பவர்களில் பலர் ஏதோ ஒரு லங்காஸ்டரைச் செய்யாமல், ஒரு குறிப்பிட்ட குழு பறந்த விமானத்தின் எழுத்தையும் எண்ணையும் தேடிப்பிடிச்சு வரைகிறார்கள்.

இதை 1:12 அளவில் செய்தால் கணக்கு ரொம்ப சுலபம். நிஜத்தில் 1 அடி, மாடலில் 1 அங்குலம். நிஜ இறக்கை 102 அடி. மாடலில் 102 அங்குலம், அதாவது சுமார் 2.59 மீட்டர். உடலின் நீளம் 1.76 மீட்டர். சராசரி மனுஷன் உயரம்! எடையை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த 8 கிலோவை வைத்துத்தான் கணக்குப் போடப்போறோம்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏத்துறவங்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். சுமை முன்னால் கூடிட்டா முன்பாரம், மாட்டின் கழுத்து நோகும். பின்னால் கூடிட்டா பின்பாரம், நுகத்தடியே கழுத்தைவிட்டுத் தூக்கிக்கும். வண்டி குடை சாயும்.

விமானத்திலும் அதே கதை. மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதக்கூடிய இடம்தான் ஈர்ப்பு மையம், சுருக்கமா சி.ஜி. முன்பாரமான விமானம் மந்தமாகப் பறக்கும், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க அடம்பிடிக்கும். ஆனா, பறக்கும். பின்பாரமான விமானம் கையில் நிற்காது. நீங்க கொடுக்கிற ஒவ்வொரு சின்ன அசைவையும் அது பெருசாக்கும். ஆர்.சி ஆட்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

சி.ஜி எங்கே இருக்கணும்? வழக்கமான வடிவ விமானங்களுக்கு, இறக்கையின் சராசரி அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவிகிதத்துக்குள் என்பது பாதுகாப்பான ஆரம்பம். நம்ம மாடலில் அந்தச் சராசரி அகலம் சுமார் 34 செ.மீ. 25 சதவிகிதம்னா 8.5 செ.மீ. 30 சதவிகிதம்னா 10.2 செ.மீ. ஆக, 1.76 மீட்டர் நீள விமானத்தில் உங்களுக்குக் கிடைக்கிற இடம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை!

நாம 9 செ.மீ-யை இலக்கா வெச்சுக்குவோம். உங்க பிளானிலோ கிட்டிலோ வேற அளவு சொல்லியிருந்தால் அதுதான் இறுதி. எந்த இடத்திலிருந்து அளக்கணும் என்பதையும் அதில் பாருங்க. லங்காஸ்டர் இறக்கை உடலருகே அகலமாகவும் நுனியில் குறுகியும் இருக்கும். இடம் மாறி அளந்தால் பதிலும் மாறிடும்.

பேட்டரி எங்கே உட்காரணும்?

பேலன்ஸ் பார்க்குமுன் விமானத்துக்குள் போகவேண்டியது எல்லாம் போயிருக்கணும். அதில் பெரிய சுமை பேட்டரிதான். எவ்வளவு பெரிய பேட்டரி தேவை?

சாதுவாகப் பறக்கும் ஸ்கேல் பாம்பருக்கு ஒரு கிலோவுக்கு 200 வாட் போதுமானது. 8 கிலோவுக்கு 1,600 வாட். நாலு மோட்டாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 400 வாட். 4எஸ் லிப்போ பேட்டரியில், லோடு ஏறினதும் வோல்டேஜ் 14.4 அளவுக்கு இறங்கும்னு வெச்சுக்கிட்டா, ஒரு மோட்டாருக்கு சுமார் 28 ஆம்பியர். நாலுக்கும் சேர்த்து 112 ஆம்பியர். நம்ம வீட்டு ஏசி பிளக்கே 16 ஆம்பியர்தான் என்பதை ஒருநிமிஷம் நினைச்சுப் பாருங்க. அதனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் 40 ஆம்பியர் தாங்கும் ஸ்பீடு கன்ட்ரோலர் போடுங்க. காகிதக் கணக்கை நம்பி நிறுத்திடாமல், வாட் மீட்டர் வெச்சு ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியா அளந்துடுங்க.

பேட்டரி விஷயத்தில் 8,000 எம்.ஏ.ஹெச் 4எஸ் இரண்டு. ஒன்று சுமார் 800 கிராம், இரண்டும் 1.6 கிலோ. இங்கே ஒரு முக்கியமான முடிவு எடுக்கணும். இடது இறக்கை மோட்டார்களுக்கு ஒரு பேட்டரி, வலதுக்கு ஒன்று என்று பிரிச்சுடாதீங்க. ஒரு பேட்டரி மக்கர் பண்ணினால் ஒரு பக்க மோட்டார் ரெண்டும் நின்று, விமானம் அந்தப் பக்கமா சுருண்டு விழும். உள்பக்க மோட்டார் ரெண்டுக்கும் ஒரு பேட்டரி, வெளிப்பக்க மோட்டார் ரெண்டுக்கும் இன்னொன்று என்று பிரிங்க. ஒன்று போனாலும் இழுவை இரண்டு பக்கமும் சமமா இருக்கும், சக்தி பாதியாகும். நேராக வந்து இறங்கிடலாம்.

நிஜ லங்காஸ்டரின் வயிற்றில் 33 அடி நீளத்துக்கு ஒரே தொடர்ச்சியான குண்டு அறை இருந்தது. அது இறக்கைக்குக் கீழே, சி.ஜி-யை ஒட்டி இருந்ததற்குக் காரணம் இருக்கு. டன் கணக்கில் சுமை விழுந்த பிறகும் விமானத்தின் பேலன்ஸ் ரொம்ப மாறக் கூடாது. நம்ம மாடலில் அது 33 அங்குல அறை. பேட்டரிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த அறையின் தரையில் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, வெல்க்ரோ பட்டை போட்டு இறுக்குற மாதிரி ஒரு நீளமான பலகை அமைச்சுடுங்க. இதோட அருமை கொஞ்ச நேரத்தில் புரியும்.

தராசில் ஏத்துங்க

சின்ன விமானம்னா இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வெச்சு பேலன்ஸ் பார்த்துடலாம். 8 கிலோ லங்காஸ்டரில் அந்த வேலை நடக்காது. தராசுதான் வழி. மூன்று டிஜிட்டல் தராசு எடுத்துக்குங்க. முன் சக்கரங்களுக்கு 5 கிலோவுக்கு மேல் தாங்குவது இரண்டு, வால் சக்கரத்துக்கு ஒரு கிச்சன் தராசு.

முதலில், பறக்கும்போது இருக்கிற மாதிரி விமானத்தை முழுசா தயார் பண்ணுங்க. பேட்டரி, ப்ரொப்பெல்லர், மூடிகள், பைலட் பொம்மை எல்லாம் உள்ளே இருக்கணும். மோட்டார் இணைப்பை மட்டும் கழட்டி வெச்சுடுங்க.

அடுத்து, வாலுக்குக் கீழே கட்டை வெச்சு உயர்த்தி, உடலைக் கிடைமட்டமாக்குங்க. ரசமட்டம் வெச்சுப் பாருங்க. வால் தாழ்ந்த நிலையில் எடை போட்டால் விடை தப்பாகும். கட்டையின் எடையைத் தராசில் கழிச்சுடுங்க.

பிறகு மூன்று தராசின் எடையையும் கூட்டுங்க. அதுதான் மொத்த எடை. முன் சக்கர அச்சிலிருந்து வால் சக்கர அச்சு வரை உள்ள தூரத்தை, தூக்குக்குண்டு தொங்கவிட்டு தரையில் குறிச்சு அளங்க.

இப்போ ஃபார்முலா: வால் எடையை அந்தத் தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுங்க. கிடைக்கிற விடைதான், முன் சக்கர அச்சுக்குப் பின்னால் சி.ஜி இருக்கும் தூரம்.

நம்ம லங்காஸ்டரில் முன் அச்சு இறக்கையின் முன் விளிம்புக்கு நேர் கீழே இருக்கு, வால் சக்கரம் 110 செ.மீ பின்னால் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். வால் தராசு 800 கிராம் காட்டுது. 800 பெருக்கல் 110, வகுத்தல் 8,000. விடை 11 செ.மீ. இலக்கு 9. ரெண்டு சென்டிமீட்டர் பின்பாரம்! ஆரம்பத்தில் விழுந்த விமானம் இதுதான். வால் தராசு 655 கிராம் காட்டியிருந்தால் சரியா இருந்திருக்கும். வித்தியாசம் 145 கிராம். ஒரு மொபைல் போன் எடைகூட இல்லை.

ஈயம் வாங்க ஓடாதீங்க

எல்லோரும் செய்யும் முதல் தப்பு, உடனே மூக்கில் ஈயத்தைக் கொட்டுவது. கணக்கைப் பாருங்க. 8,000 கிராம் எடை 2 செ.மீ தள்ளியிருக்கு. அதைச் சமன் செய்ய, சி.ஜி-யிலிருந்து 40 செ.மீ முன்னால் மூக்கில் 400 கிராம் வைக்கணும். அந்த 400 கிராமைத் தூக்க இன்னும் வேகம் வேணும், தரையிறங்கும்போது இன்னும் அதிர்ச்சி.

அதற்குப் பதிலா 1.6 கிலோ பேட்டரியை 10 செ.மீ முன்னால் நகர்த்துங்க. 1,600 பெருக்கல் 10-ம் 16,000, 8,000 பெருக்கல் 2-ம் 16,000. வேலை முடிஞ்சது. ஒரு கிராம்கூட கூடலை. அந்த நீளமான பலகை இதுக்குத்தான்.

பேட்டரி நகர்ந்தும் போதலைன்னா, ரிசீவர் பேட்டரி, சர்வோ போன்றவற்றை முன்னால் கொண்டுவாங்க. அதுக்கும் மேலே தேவைப்பட்டால் மட்டும் ஈயம். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுற வெயிட் இதுக்கு நல்லா உதவும். ஒட்டினதோட விடாமல் இறுக்கிக் கட்டுங்க. வானத்தில் கழன்று பின்னால் உருண்டால், நீங்க சரிசெய்ததெல்லாம் தலைகீழாகிடும்.

வால் பக்கம் கஞ்சத்தனம் காட்டுங்க. வால், சி.ஜி-யிலிருந்து சுமார் 100 செ.மீ தூரம். அங்கே பெயின்ட், ஃபில்லர் என்று 50 கிராம் கூடினால், மூக்கில் 125 கிராம் போட்டுத்தான் ஈடுகட்டணும். கட்டும்போதே இதை மனசில் வெச்சுக்குங்க.

சக்கரம் மடங்கினால் சி.ஜி நகரும்

பலர் கவனிக்காத இடம் இது. லங்காஸ்டரின் முன் சக்கரங்கள் பின்னோக்கி மடிந்து, உள்பக்க இன்ஜின் கூடுகளுக்குள் போகும். உங்க மாடலிலும் அப்படி மடங்கினால், அந்த எடையும் பின்னால் போகும். இரண்டு சக்கரமும் சேர்ந்து 300 கிராம், 15 செ.மீ பின்னால் நகருதுன்னு வெச்சுக்குவோம். சி.ஜி அரை சென்டிமீட்டருக்கும் மேல் பின்னால் போயிடும்.

தரையில் பார்த்தப்போ 10 செ.மீ, ஓகே என்று அனுப்பினால், சக்கரம் மடங்கினதும் 10.5. எல்லை தாண்டியாச்சு. அதனால் சக்கரம் மடங்கின நிலையில் சி.ஜி எங்கே வருது என்பதைத்தான் முக்கியமா பார்க்கணும். சி.ஜி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, சக்கரத்தை மடக்கி ஒருமுறை பாருங்க. முதல் சில பறத்தல்களுக்கு சக்கரத்தை மடக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

முன் பின் முடிஞ்சதும் இடம் வலம். மூக்கையும் வால் நுனியையும் நூலில் தாங்கி, எந்த இறக்கை தாழுது என்று பாருங்க. தாழாத பக்கத்து நுனியில் சின்ன வெயிட் ஒட்டினால் போதும். 2.59 மீட்டர் இறக்கையில் நுனி ரொம்ப தூரம். 20, 30 கிராமே பெரிய வேலை செய்யும்.

நாலு மோட்டாருக்கும் ஒரே மனசு

எடை சமமானாலும் இழுவை சமமா இல்லைன்னா விமானம் நேரா ஓடாது. முதலில் ப்ரொப்பெல்லர் நாலையும் கழட்டுங்க. பிறகு ஒவ்வொரு ஸ்பீடு கன்ட்ரோலருக்கும் த்ராட்டில் கேலிப்ரேஷன் செய்யுங்க. குறைந்தபட்சமும் அதிகபட்சமும் நாலிலும் ஒன்றாக இருந்தால்தான் நாலும் ஒரே நொடியில் சுத்த ஆரம்பிக்கும். அப்புறம் ப்ரொப்பெல்லர் மாட்டி, விமானத்தை அசையாமல் கட்டி, ஆர்.பி.எம் மீட்டரில் நாலையும் அளந்து ஒப்பிடுங்க.

நிஜ லங்காஸ்டரில் நாலு ப்ரொப்பெல்லரும் ஒரே திசையில்தான் சுத்தும். ஓடும்போது விமானம் இடதுபக்கம் இழுக்கும். எலெக்ட்ரிக் மாடலில் உங்களுக்கு ஒரு சலுகை இருக்கு. மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாத்தினால் அது எதிர்த்திசையில் சுத்தும். ஒரு பக்கத்துக்கு எதிர்த்திசை ப்ரொப்பெல்லர் போட்டால் அந்த இழுப்பு பெரும்பாலும் அடங்கிடும்.

ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனி பவர் கொடுங்க. மோட்டார் பேட்டரி தீர்ந்தாலும் கன்ட்ரோல் உங்க கையில் இருக்கணும். ஃபெயில்சேஃப் அமைப்பில் த்ராட்டில் பூஜ்ஜியத்துக்கு வரணும். டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி அதைச் சோதிச்சுடுங்க, ப்ரொப்பெல்லர் இல்லாமல்.

முதல் பறத்தல்

பேட்டரிக் கணக்கு இப்படி: பறக்கும்போது சராசரியா பாதி கரன்ட்தான் இழுக்கும்னு வெச்சு, 80 சதவிகிதம் மட்டும் செலவழிச்சா சுமார் 13 நிமிஷம் கிடைக்கும். ஆனா, முதல் தடவை டைமரில் 5 நிமிஷம் வைங்க. பதற்றத்தில் நேரம் போறதே தெரியாது.

காத்தை எதிர்த்து ஓடுங்க. த்ராட்டிலை மெதுவா, மூன்று நாலு நொடி எடுத்துத் தள்ளுங்க. வால் தானா எழும்பட்டும். வேகம் வந்த பிறகு லேசா இழுங்க. சாய்வா ஏறணும், செங்குத்தா இல்லை. இது பாம்பர், ராக்கெட் இல்லை.

பத்திரமான உயரத்துக்குப் போனதும் ட்ரிம் பண்ணி நேராக ஓடவிட்டு, லேசா மூக்கைத் தாழ்த்தி கையை எடுங்க. தானா மெதுவா நிமிர்ந்தால் சி.ஜி நல்லாயிருக்கு. வெடுக்குனு நிமிர்ந்தால் முன்பாரம். நிமிராமல் இன்னும் தாழ்ந்தால் பின்பாரம். அப்படின்னா சாகசம் எதுவும் வேண்டாம். சின்னச் சின்ன அசைவில் இறக்கிடுங்க. வீட்டுக்கு வந்து பேட்டரியை ஒரு செ.மீ முன்னால் தள்ளுங்க.

தரையிறங்குமுன், அதே உயரத்தில் வேகத்தைக் குறைச்சு, எப்போ ஸ்டால் ஆகுதுன்னு பார்த்துக்குங்க. அந்த வேகத்துக்கு நல்லா மேலேதான் தரைக்கு வரணும். பெரிய விமானம் தூரத்தில் மெதுவா போறதுபோல கண்ணை ஏமாத்தும். ஏமாந்து த்ராட்டிலைக் குறைச்சுடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவின் டிரோன் விதிகள் 2021, 25 கிலோவுக்கு மிகாத, கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்ற தேவைகளுக்காகக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கவிடும் விமானங்களை மாடல் வகை என்று வரையறுக்குது. பறக்கவிடும் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் எதில் வருதுன்னு டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் முதலில் பார்த்துடுங்க. பச்சை மண்டலத்திலும் பொதுவா 120 மீட்டர்தான் உயர வரம்பு. ஏர்போர்ட் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ வரை உள்ள பகுதியில் அது 60 மீட்டர். வீடுகள், சாலை, கூட்டத்துக்கு மேலே எந்த மண்டலத்திலும் வேண்டாம். 8 கிலோ விழுந்தால் அது பொம்மை இல்லை.

நேரா லங்காஸ்டரில் ஆரம்பிக்கவும் வேண்டாம். ஒரு மீட்டர் அளவிலான ஃபோம் டிரெயினரில் கை பழகி, ஒற்றை மோட்டார், இரட்டை மோட்டார் என்று ஏறி வாங்க. டிரெயினரையும் தராசில் எடை போட்டே அனுப்புங்க. பழக்கம் வரட்டும்.

கடைசியா ஒன்று. பேலன்ஸ் சரியா இருந்த பேட்டரி நிலையை, குண்டு அறைக்குள்ளேயே மார்க்கரால் கோடு போட்டு வைங்க. அடுத்த ஞாயிறு அவசரத்தில் பேட்டரியை மாட்டும்போது, அந்தக் கோட்டைத் தாண்டாமல் மாட்டுங்க. அந்த ஒரு கோடுதான் உங்க பல மாச உழைப்பைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவரும்.